ஒரு கடை, மூன்று நாய்கள்: சேவை நாய்க்கும் அதன் பயிற்சியாளருக்கும் உள்ள நுழைவுரிமை பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு பாடத்துக்காகக் கட்டப்பட்டது. குறிப்பிட்ட ஒரு கடையில், குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்ததல்ல. கடை வாசல்களில் திரும்பத் திரும்ப எழும் சிக்கல்களை ஒரே காலைப்பொழுதுக்குள் கொண்டுவந்திருக்கிறோம். சட்டமும் விதிகளும் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

களம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். சேவை நாயுடன் வரும் மாற்றுத்திறனாளிக்கு நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது. நாயைப் பழக்கும் பயிற்சியாளருக்கு அந்தச் சட்டம் எதுவும் தருவதில்லை. அவருக்கு உள்ளதெல்லாம் மாநிலச் சட்டம் தந்ததுதான். ஃபுளோரிடா அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு. இரண்டு சட்டங்களும் ஒரே வாசலில் எப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் நிற்கின்றன என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நடந்தது

சனிக்கிழமை காலை, பெரிய சூப்பர் மார்க்கெட். உள்ளேயே ரொட்டிப் பகுதியும் மருந்துக் கவுண்டரும் உண்டு.

10:20. சிறிய நாய் ஒன்றைத் தள்ளுவண்டியின் குழந்தை இருக்கையில் உட்கார வைத்து ஒருவர் உள்ளே வருகிறார். வாசலில் நிற்கும் ஊழியர் ஒன்றும் கேட்கவில்லை.

10:32. பயிற்சியாளர் வருகிறார். உடன் 14 மாத லாப்ரடார். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்காகத் தயாராகிறது. கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருவது, கதவைக் கயிறு பிடித்து இழுப்பது, லிஃப்ட் பொத்தானை மூக்கால் அழுத்துவது ஆகியவை அதன் பணிகள். முதல் பணி நன்றாக வருகிறது, மற்ற இரண்டும் பாதி. மேலங்கியில் ‘பயிற்சியில்’ என்று எழுதியிருக்கிறது. ஊழியர் “கார்டு இருக்கிறதா?” என்று கேட்கிறார். பயிற்சியாளர் இணையத்தில் வாங்கிய ‘சேவை நாய்ப் பதிவு அட்டை’யை நீட்டுகிறார். ஊழியர் தலையாட்டுகிறார்.

10:41. ரொட்டிப் பகுதி. பயிற்சியாளர் ஒரு கையில் வாரும் மறு கையில் கூடையுமாக வாரச் சாமான்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். வரிசையின் திருப்பத்தில் தள்ளுவண்டி நேருக்கு நேர் வந்துவிடுகிறது. சிறிய நாய் எட்டிப் பார்த்துக் குரைக்கிறது. லாப்ரடார் முன்னால் பாய்ந்து இரண்டு முறை குரைக்கிறது. பயிற்சியாளர் கூடையைக் கீழே வைத்து, நாயைத் திருப்பி, மூன்று மீட்டர் பின்வாங்கி, உட்கார வைக்கிறார். நாய் அடங்கிவிட்டது. எல்லாம் பத்து நொடிக்குள்.

10:43. துணை மேலாளர் வருகிறார். “உங்களுக்கு என்ன குறைபாடு?” என்று கேட்கிறார். பயிற்சியாளர் நேரான பதில் சொல்லாமல், “இது சர்வீஸ் நாய். வெளியே போகச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது” என்கிறார்.

10:47. மருந்துக் கவுண்டர் முன் காத்திருக்கும் பெண்ணின் காலடியில் மூன்றாவது நாய் படுத்திருக்கிறது. ஆறு வயது, ஜெர்மன் ஷெப்பர்டு கலப்பு, மேலங்கி இல்லை. அவருக்கு முதல் வகை நீரிழிவு. ரத்தச் சர்க்கரை இறங்கும்போது நாய் கையை மூக்கால் இடித்து எச்சரிக்கும். துணை மேலாளர் கேட்டதும், “எனக்குள்ள உடல் நிலைக்காக இந்த நாய் தேவை. சர்க்கரை இறங்கினால் எச்சரிக்கப் பழகியது” என்கிறார். “எங்கே, செய்து காட்டச் சொல்லுங்கள்” என்கிறார் துணை மேலாளர். பக்கத்தில் நிற்பவர், தனக்கு நாய் முடி ஒவ்வாமை என்று முறையிடுகிறார்.

10:52. “எல்லா நாயும் வெளியே.” மூன்று பேரும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். மருந்து வாங்க வந்த பெண்ணின் கையில் மருந்து இல்லை.

தள்ளுவண்டியில் வந்த நாய்

இதை விரைவாக முடித்துவிடலாம். உரிமையாளர் பிறகு, அது தன் மன ஆறுதலுக்கான பிராணி என்று சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, அதாவது எல்லோரும் சொல்லும் ஏடிஏவின்படி, பக்கத்தில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாய் சேவை நாய் ஆகாது. குறிப்பிட்ட ஒரு பணியைச் செய்யத் தனியாகப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். மன ஆறுதல் பிராணிக்கான பாதுகாப்பு குடியிருப்புச் சட்டங்களில் இருக்கிறது, கடை வாசலில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஆகவே குற்றமும் செய்யவில்லை. உரிமை இல்லாத இடத்துக்கு வந்தார், கடை விட்டுவிட்டது.

அன்றைய சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். உணவு விற்கும் இடத்தில் செல்லப்பிராணிகளை விடாமலிருப்பதே பொது விதி. சேவை நாய் அதற்கு விலக்கு. வாசலில் யாரையும் கேட்கப் பயந்து எல்லா நாய்களையும் விடும் கடை, முதல் குரைப்பு கேட்டதும் எல்லா நாய்களையும் துரத்துகிறது. இரண்டு முறையும் அடி வாங்குவது உண்மையான சேவை நாய்தான். பழகாத நாய் ஒன்று பாய்ந்து கடித்ததால் வேலை செய்யும் துணிச்சலை இழந்து, நடுவயதிலேயே ஓய்வு கொடுக்கப்படும் சேவை நாய்கள் உண்டு. “கேட்டால் மனம் புண்படும்” என்று ஊழியர் ஒதுங்கிப்போவது யாருக்கும் நல்லதல்ல.

மருந்துக் கவுண்டரில் இருந்த நாய்

இங்கே கடையின் தவறு முழுமையானது. ஒரே இடத்தில் பல பிழைகள் நடந்தன.

அமெரிக்க அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசுத் துறை) 2010இல் வெளியிட்டு 2011 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நாயின் தேவை பார்த்ததுமே விளங்காத இடத்தில் ஊழியர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இந்த நாய் ஒரு குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படுகிறதா? என்ன வேலையை அல்லது பணியைச் செய்ய இது பழக்கப்பட்டிருக்கிறது? இவ்வளவுதான். குறைபாடு என்னவென்று கேட்கக் கூடாது. சான்று, அட்டை, மருத்துவர் கடிதம் எதுவும் கேட்கக் கூடாது. செய்து காட்டச் சொல்லக் கூடாது. அந்தப் பெண் இரண்டு கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்லிவிட்டார். பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மேலங்கி இல்லை என்பது காரணமாகாது. சட்டம் மேலங்கியைக் கேட்கவில்லை. ஜெர்மன் ஷெப்பர்டு என்பதும் காரணமாகாது; இனத்தை வைத்து மறுக்க முடியாது. ஒவ்வாமையும் பயமும் மறுப்பதற்கான காரணங்கள் அல்ல என்று விதிகளின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவரையும் சேவை நாயுடன் இருப்பவரையும் ஒரே அறையின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கச் செய்வதுதான் வழி. இந்தக் கடையில் அதற்குத் தேவைப்பட்டது வரிசையில் நாலடி இடைவெளி.

சர்க்கரை இறங்குவதை எச்சரிக்கும் நாயைச் ‘செய்து காட்டு’ என்றால் எப்படிக் காட்டும்? சர்க்கரை இறங்கினால்தான் அது செய்யும். அந்தக் கேள்வி சட்டத்துக்குப் புறம்பானது மட்டுமல்ல, பணி என்னவென்று புரியாமல் கேட்டதும்கூட.

பெரும்பாலோர் கவனிக்காத பிழை கடைசியில் நடந்தது. சேவை நாயை நியாயமான காரணத்தோடு வெளியே அனுப்பினாலும், அந்த மனிதர் நாயில்லாமல் உள்ளே வந்து வேண்டியதைப் பெறக் கடை வாய்ப்புத் தர வேண்டும். இங்கே காரணமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. மருந்தும் கைக்கு வரவில்லை.

பயிற்சியில் இருந்த நாய்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

ஏடிஏவின் பார்வையில் அந்த லாப்ரடார் அன்று சேவை நாய் அல்ல. பழகி முடித்த நாய்க்குத்தான் அந்தச் சட்டம். பழகிக்கொண்டிருக்கும் நாயை மாநிலச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. பயிற்சியாளருக்குக் குறைபாடு எதுவும் இல்லை என்பதால் முதல் கேள்விக்கே அவரால் ‘ஆம்’ சொல்ல முடியாது. உரிமை நாயோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உரிமை மனிதருடையது. குறைபாடு உள்ள மனிதர், அவருக்கான பணி, அந்தப் பணிக்குப் பழகிய நாய் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஏடிஏ பேசும்.

ஃபுளோரிடா சட்டத்தின் 413.08ஆம் பிரிவு வேறு விதமாகப் பேசுகிறது. அதன் 8ஆம் உட்பிரிவு, சேவை நாயைப் பழக்கும் எந்தப் பயிற்சியாளருக்கும், பழக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது, சேவை நாயுடன் வரும் மாற்றுத்திறனாளிக்கு உள்ள அதே நுழைவுரிமையைத் தருகிறது. சேதம் ஏற்பட்டால் அதே பொறுப்பையும் சுமத்துகிறது. எந்த நிறுவனத்தின் சான்றையும் அந்த உட்பிரிவு நிபந்தனையாக வைக்கவில்லை. மறுக்கும் கடைக்காரர் அல்லது அவருடைய ஊழியர் மீது 4ஆம் உட்பிரிவு பாய்கிறது. அது இரண்டாம் நிலைச் சிறு குற்றம்: 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். அதோடு 30 மணி நேரச் சமூகப் பணியை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு ஒன்றிலோ நீதிமன்றம் சொல்லும் வேறு இடத்திலோ செய்யலாம்.

அப்படியானால் பயிற்சியாளர் பக்கம்தானே நியாயம்? முழுக்க அல்ல. அவர் மூன்று இடங்களில் தன் கால்களைத் தானே வாரிவிட்டுக்கொண்டார்.

முதலாவது, அந்த அட்டை. அமெரிக்காவில் சேவை நாய்களுக்கான கூட்டாட்சிப் பதிவேடு எதுவும் இல்லை. இணையத்தில் விற்கப்படும் பதிவு அட்டைகளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. நீதித்துறையும் அவற்றை ஏற்பதில்லை. உரிமை உள்ளவர் அதை நீட்டும்போது இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. அட்டை கேட்பது முறைதான் என்று வாசல் ஊழியர் பழகிவிடுகிறார். அடுத்து அட்டை இல்லாமல் வரும் மாற்றுத்திறனாளி மாட்டிக்கொள்கிறார். பிறகு வழக்கு என்று வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவதும் அந்த அட்டையைத்தான்.

இரண்டாவது, “இது சர்வீஸ் நாய்” என்ற வாசகம். 413.08இன் 9ஆம் உட்பிரிவு, சேவை நாயைப் பயன்படுத்தும் தகுதி உள்ளவர் என்றோ சேவை நாய்ப் பயிற்சியாளர் என்றோ தெரிந்தே பொய்யாகக் காட்டிக்கொள்வதையும் இரண்டாம் நிலைச் சிறு குற்றமாக்கியிருக்கிறது. அதற்கும் 30 மணி நேரச் சமூகப் பணி உண்டு. இவர் உண்மையிலேயே பயிற்சியாளர். ஆனால் மேலாளர் குறைபாட்டைப் பற்றிக் கேட்டபோது, தனக்கே குறைபாடு இருப்பதுபோல் தோன்றும் பதிலைச் சொன்னார். அவர் கையில் இருந்த உண்மை போதுமானது: “நான் சேவை நாய்ப் பயிற்சியாளர். இந்த நாய் பயிற்சியில் இருக்கிறது. ஃபுளோரிடா சட்டம் 413.08 பயிற்சி நேரத்தில் எனக்கு நுழைவுரிமை தருகிறது. கீழே விழுந்ததை எடுப்பது, கதவு திறப்பது, லிஃப்ட் பொத்தான் அழுத்துவது ஆகியவற்றுக்குப் பழகுகிறது.” சொல்ல அரை நிமிடம் ஆகாது. இதில் ஒரு சொல்கூட பிறகு மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கூடை. சட்டத்தின் சொற்கள் ‘பழக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது’ என்பவை. வாரச் சாமான் வாங்க வந்தவர் நாயையும் கூட்டி வந்தாரா, நாயைப் பழக்க வந்தவர் ஒரு ரொட்டியும் வாங்கினாரா? அன்று 10:41க்குக் கடைக் கேமரா எடுத்த காட்சி முதலாவதைத்தான் காட்டும். இதற்கு எளிய காப்பு பயிற்சிக் குறிப்பேடு. தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்று பழக்கிய திறன், வந்த இடையூறுகள், நாயின் நடத்தை, முடிக்கக் காரணம் என ஒரு நாளைக்கு ஐந்து வரி. ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால் ‘நீங்கள் பயிற்சியாளரா’ என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த இரண்டு குரைப்புகள்

பயிற்சியாளருக்கும் மாற்றுத்திறனாளிக்கு உள்ள அதே உரிமைதான் என்றால், விலக்குகளும் அவைதான். நாய் கட்டுப்பாட்டை மீறி, உடன் இருப்பவர் அடக்கப் பயனுள்ள நடவடிக்கை எடுக்காவிட்டால் வெளியே அனுப்பலாம். கண்ட இடத்தில் சிறுநீர், மலம் கழித்தால் அனுப்பலாம். நடத்தை பிறருக்கு நேரடி ஆபத்தானால் அனுப்பலாம்.

ஒரு முறை குரைத்தால், அல்லது மற்றவர் சீண்டியதால் குரைத்தால், அது கட்டுப்பாடு மீறியது ஆகாது என்று நீதித்துறையின் விளக்கம் சொல்கிறது. நூலகம், திரையரங்கு போன்ற அமைதியான இடத்தில் விட்டுவிட்டுக் குரைத்துக்கொண்டே இருப்பது வேறு. இங்கே இரண்டு குரைப்புகளும் இன்னொரு நாய் தூண்டியதால் வந்தவை. பத்து நொடிக்குள் பயிற்சியாளர் அடக்கிவிட்டார். ‘நாய் கட்டுப்பாட்டை மீற வேண்டும்’, ‘உடன் இருப்பவர் அடக்காமலிருக்க வேண்டும்’ ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. இரண்டாவது இங்கே இல்லை. ஆகவே குரைப்பை மட்டும் வைத்து அனுப்பியது நிற்காது. முன்னால் பாய்ந்தது சற்றுக் கனமான விஷயம். மறுபடி ஒரு முறை நடந்திருந்தால் எங்கள் தீர்ப்பு மாறியிருக்கும்.

சட்டம் காப்பாற்றியது என்பதால் பயிற்சி சரியாக நடந்தது என்றாகிவிடாது. சேவை நாய்ப் பயிற்சி நிறுவனங்களின் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனலின் பொது இடத் தேர்வைப் பார்த்தால் அந்த லாப்ரடார் எங்கே நிற்கிறது என்று தெரியும். வண்டியிலிருந்து சொன்னபிறகே இறங்குவதில் தொடங்குகிறது தேர்வு. கட்டடத்தை நெருங்குவது, வாசலைக் கட்டுப்பாட்டோடு கடப்பது, உள்ளே பக்கத்திலேயே நடப்பது, ஆறடி தூரத்திலிருந்து கூப்பிட்டால் வருவது என்று போகும். உட்காரச் சொல்லும்போது தரையில் உணவுத் தட்டு இருக்கும், தள்ளுவண்டி பக்கத்தில் வரும், முன்பின் தெரியாதவர் தொட்டுப் பார்ப்பார். படுத்திருக்கும்போது உணவு விழும். எதிர்பாராத சத்தம் வரும். வார் கையிலிருந்து நழுவினாலும் நாய் நிற்க வேண்டும். வாரை வேறொருவர் வாங்கிக்கொண்டு, உடன் இருந்தவர் விலகிப் போனாலும் பதறக் கூடாது.

தள்ளுவண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தள்ளுவண்டிக்குள் குரைக்கும் நாய் இல்லை. ஆனால் இன்றைய கடைகளில் அதுதான் வருகிறது. பழக்குபவர்கள் அதைத் தனிப் பாடமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றுத் தள்ளுவண்டி, ஓசையோடு வரும் தள்ளுவண்டி, உள்ளே பொம்மை, உள்ளே பழகிய அமைதியான நாய் என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாய் கண்ணை எடுத்து ஆளைப் பார்க்கும் தூரம்தான் அன்றைய தூரம். அது பன்னிரண்டு மீட்டர் என்றால் பன்னிரண்டு மீட்டர்தான்.

அன்று தவறியது மூன்று விஷயங்கள். கூடை தூக்கிய கை வாரைச் சரியாகப் பிடிக்க முடியாமல் செய்தது. வரிசைகளின் திருப்பங்களில் முதலில் ஆள் எட்டிப் பார்த்துப் பிறகு நாயைக் கொண்டுவரும் பழக்கம் இல்லை. சனிக்கிழமை காலை என்ற நேரத்தேர்வும் தவறு. இந்த நிலையில் உள்ள நாய்க்கு வார நாளில், கடை திறந்த முதல் அரை மணியே ஏற்றது. சேவை நாய் வைத்திருப்போரின் அமைப்பான இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் அசிஸ்டன்ஸ் டாக் பார்ட்னர்ஸ் பரிந்துரைத்த குறைந்தபட்சப் பயிற்சி ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் 120 மணி நேரம்; அதில் 30 மணி நேரமாவது வெளியிடங்களில். அந்த 30 மணி நேரத்தை நீண்ட நேரக் கடைச் சுற்றுகளாகக் கழிப்பது வீண். பதினைந்து நிமிடம் நன்றாக நடந்து, நாய் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே வெளியே வருவது மேல். மணிக்கணக்கை முடிப்பதற்காக நாயை இழுத்துக்கொண்டு திரிந்தால், நாய் கற்பது களைப்பை மட்டுமே.

வெளியே வந்த பிறகு

பயிற்சியாளர், மருந்து வாங்க வந்த பெண் இருவரும் போலீஸை அழைத்தார்கள். வந்த அதிகாரி, “இது சிவில் விவகாரம்” என்றார். இப்படிச் சொல்லக் கேட்பது அரிதல்ல. ஃபுளோரிடாவில் மறுப்பது சிறு குற்றம் என்பதால், பிரிவு எண்ணைச் சொல்லி, புகாரைப் பதிவு செய்து அறிக்கை எண் தரும்படி அமைதியாகக் கேட்க வேண்டும். 413.08இன் அச்சுப்படி ஒன்றை நாயின் பையில் வைத்திருப்பது, பத்து மேலங்கிகளைவிடப் பயன் தரும்.

கைப்பேசியில் பதிவு செய்வதில் எச்சரிக்கை தேவை. பேச்சைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பின் ஒப்புதலையும் கேட்கும் மாநிலம் ஃபுளோரிடா. கடைக்குள் நடக்கும் பேச்சுக்கு அது பொருந்துமா என்று வாதாடலாம். ஆனால் நுழைவுரிமைக்காகப் போராட வந்தவர் ஒலிப்பதிவுக் குற்றச்சாட்டை ஏன் சுமக்க வேண்டும்? “நான் பதிவு செய்கிறேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கடையின் சொந்தக் கேமராப் பதிவு அதைவிட முக்கியம். அது நாளாக நாளாக அழிந்து மேலெழுதப்படும். தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கடையின் தலைமையகத்துக்குக் கேட்டு அனுப்ப வேண்டும். பில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்; மருந்து கிடைக்காததால் பில் இல்லை என்றால், மருந்துச் சீட்டு வந்த நேரமே சான்று.

இதற்குப் பிறகு இருவரின் வழிகளும் பிரிகின்றன. இதைப் பயிற்சியாளர் புரிந்துகொள்ளவில்லை.

அந்தப் பெண் நீதித்துறையின் குடிமை உரிமைகள் பிரிவுக்கு ஏடிஏ புகார் அனுப்பலாம், கட்டணமில்லை. தனியாக வழக்கும் போடலாம். ஆனால் கடைகள் போன்ற தனியார் பொது இடங்கள் மீது தனிநபர் போடும் ஏடிஏ வழக்கில் பண இழப்பீடு கிடைக்காது. கடை தன் நடைமுறையை மாற்ற நீதிமன்ற உத்தரவும் வக்கீல் செலவும்தான் கிடைக்கும். நீதித்துறையே வழக்கு தொடுத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் கடைக்கு அபராதமும் கேட்கலாம். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

பயிற்சியாளரும் அதே ஏடிஏ படிவத்தை நிரப்பினார். அது எங்கும் போகாது. அவருடைய குறை ஏடிஏவுக்குள்ளேயே வரவில்லை. அவருக்குள்ள வழி மாநிலச் சட்டத்தின்படி போலீஸ் புகாரும், கடைத் தலைமையகத்துக்குக் கடிதமும்தான். கடிதத்தில் கோபம் வேண்டாம்: நேர வரிசையில் நடந்தது, 8ஆம் உட்பிரிவின் சாரம், ஊழியர்களுக்கு எழுத்து வழிகாட்டுதல் வேண்டும் என்ற கோரிக்கை, பதில் எதிர்பார்க்கும் தேதி. இணைய அட்டையை அவர் காட்டியதையும் தானே ஒப்புக்கொண்டு எழுதிவிடுவது நல்லது. மறைத்துப் பிறகு வெளிவந்தால், மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடைக்கு எங்கள் பரிந்துரை நீளமானதல்ல. வாசல் ஊழியரிடம் இரண்டு கேள்விகளும், பயிற்சியாளருக்கான மூன்றாவது ஒன்றும் எழுதிய சிறு அட்டை இருக்கட்டும்: “நீங்கள் பயிற்சியாளரா, நாய் என்ன பணிக்குப் பழகுகிறது?” ‘வெளியே அனுப்பு’ என்ற முடிவை ஒருவர் மட்டுமே எடுக்கட்டும். அவர் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பார்க்கட்டும். ‘எல்லா நாயும்’ என்ற சொற்றொடர் அந்த முடிவில் வரவே கூடாது.

அடுத்தடுத்த வாசல்கள்

அதே பயிற்சியாளர் அதே நாயோடு அதே நாளில் வேறு வாசல்களுக்குப் போனால் நிலைமை மாறும். உணவகத்தில் மாநிலச் சட்டம் அவரோடு இருக்கும். ஆனால் நாயை நாற்காலியில் உட்கார வைக்கவோ மேசையில் ஊட்டவோ உணவகம் இடம் தர வேண்டியதில்லை. மத நிறுவனங்கள் ஏடிஏவின் பொது இட விதிகளுக்கு வெளியே இருக்கின்றன. மருத்துவமனையின் பரிசோதனை அறைக்குள் சேவை நாய் போகலாம், அறுவைச் சிகிச்சை அறைக்கும் தீக்காயப் பிரிவுக்கும் போக முடியாது. பயிற்சி நாயை அங்கே அவசியமின்றிக் கொண்டுபோவது, உரிமை இருந்தாலும் நல்ல யோசனையல்ல.

விமானம் முற்றிலும் வேறு. அங்கே மாநிலச் சட்டம் பேசாது. கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் விதிகள்தான். 2021 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பழகி முடித்த நாய் மட்டுமே சேவைப் பிராணி. பயிற்சியில் உள்ள நாயை ஏற்க வேண்டிய கடமை விமான நிறுவனத்துக்கு இல்லை. பழகிய நாய்க்கும் உடல்நலம், நடத்தை, பயிற்சி பற்றிய துறையின் படிவத்தை முன்கூட்டியே கேட்கலாம். 8 மணி நேரம் அல்லது அதற்கு மேற்பட்ட பயணமானால் இயற்கை உபாதை பற்றிய உறுதிமொழிப் படிவமும் சேரும். எனவே பயிற்சி நாயை விமானத்தில் பழக்க நினைப்பவர் உரிமை பேசாமல் விமான நிறுவனத்திடம் முன்பே அனுமதி கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

மாநில எல்லையைத் தாண்டினாலும் விதி மாறும். கலிஃபோர்னியா, சேவை நாயைப் பழக்க அங்கீகாரம் பெற்றவர் என்ற தகுதியோடு, நாய்க்கு வாரும் உள்ளூர் அமைப்பு வழங்கும் அடையாள வில்லையும் கேட்கிறது. டெக்சாஸ் ‘அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர்’ என்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016 முதல் பயிற்சியில் உள்ள நாய்க்கும் பயிற்சியாளருக்கும் சான்று வழங்கும் முறை உண்டு. மறுத்தால் 3,000 கனடிய டாலர் வரை அபராதம். ஃபுளோரிடாவில் செல்லும் அச்சுப்படியை மடித்து வைத்துக்கொண்டு அங்கே போய் வாதாடினால் தோல்விதான்.

ஒப்படைக்கும் நாள்

அந்த லாப்ரடார் தயாரானதும், சக்கர நாற்காலியில் இருப்பவரோடு சில வாரம் சேர்ந்து பழகும். அந்த நாட்களில் இருவரும் ஒன்றாகக் கடைக்குள் நுழைவார்கள். வாசலில் கேள்வி வரும்போது யார் பதில் சொல்வது என்ற குழப்பம் அடிக்கடி எழுகிறது. வழக்கத்தில் பயிற்சியாளரே முந்திக்கொள்கிறார். வார் யார் கையில் இருக்கிறதோ அவர் பதில் சொல்லட்டும் என்பது எங்கள் நடைமுறை. பணிகள் பழகி முடிந்த நாய், குறைபாடு உள்ளவரின் கையில் இருக்கும்போது, பேசுவது ஏடிஏ. “இந்த நாய் என் குறைபாட்டுக்காகத் தேவை. விழுந்ததை எடுக்கும், கதவு திறக்கும், லிஃப்ட் பொத்தானை அழுத்தும்.” இதைப் பயிற்சிக் காலத்திலேயே அவர் பத்து வாசல்களிலாவது தன் வாயால் சொல்லிப் பழக வேண்டும். அப்போது பயிற்சியாளர் இரண்டு அடி பின்னால், வெறுங்கையோடு, கூடையும் இல்லாமல் நிற்க வேண்டும்.